நொடிக்கு ஒன்பது குத்து

ஒட்டட்டும், இந்தப் பெண்ணுக்கு எத்தனை வெள்ளைப் பொட்டு ஒட்டினால் மனசு ஆறுமோ அத்தனையும் ஒட்டிக்கொள்ளட்டும். கேமராவுக்கு அடையாளமாம், என் மணிக்கட்டில் இரண்டு, முழங்கையில் இரண்டு, தோளில் ஒன்று, இப்போது முகத்துக்கே வந்துவிட்டாள். "சார், கன்னத்துலயும் வாயோரத்துலயும் சின்னதா நாலு ஒட்டிக்கறேன், பரவால்லையா?" என்கிறாள். குத்துவது கையாக இருக்கும்போது முகத்தை அளந்து இவள் என்ன கண்டுபிடிக்கப்போகிறாள்? பெயர் சல்மா, உடற்கல்விக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம், குத்தின் வேகத்தைப் பற்றி. வாழ்க்கையில் யாரையாவது ஒரு குத்து குத்தியிருப்பாளா, யாரிடமாவது வாங்கியிருப்பாளா, விரலைப் பார்த்தாலே தெரிகிறது, பேனா பிடித்த விரல். ஆறு கேமராவை வட்டமாக நிறுத்திவிட்டால் வேகம் பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறாள். வேகம் என்பது என்ன என்று பினாங்கில் மீன் உருண்டை விற்றுக்கொண்டிருந்த லிம் எனக்குக் காட்டினார், கடை சாத்திய மத்தியானங்களில், ஈரத் தரையில் நிற்கவைத்து, நான்கு வருடம். அவர் கடையில் நான் பாத்திரம் கழுவினேன் என்பதை மட்டும் என் மாணவர்களிடம் சொல்வதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்கு நான் சிஃபு தேவசிகாமணி, சிங்காநல்லூர் மின்னல் கரங்கள் குங்ஃபூ பயிற்சிப் பள்ளி, நொடிக்கு ஒன்பது குத்து, போஸ்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பத்தொன்பது வருடமாக. ஒன்பது. ஒரு மாணவன் போன வருடம் கைபேசியில் படம் பிடித்து, அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, "சிஃபு, ஏழுதான் வருது," என்றான். போன் சரியில்லை என்றேன். அவன் அடுத்த மாதம் நின்றுவிட்டான். போனால் போகிறான், எண்ணத் தெரிந்தவனெல்லாம் கற்றுக்கொள்ள வந்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேமராக்கள் போன் இல்லை. உள்ளங்கை வியர்க்கிறது, ஏ.சி. அறையில், சல்மா பார்த்துவிட்டாளோ தெரியவில்லை, வேட்டி கட்டியிருந்தால் துடைத்துக்கொள்ளலாம், இந்தக் கறுப்புப் பட்டுச் சட்டையில் ஈரம் பட்டால் திட்டாகத் தெரியும்.

சுவரோரம் இரண்டு நாற்காலியில், குத்திக்காட்ட வந்த மற்ற இருவர். இவர்களோடு என்னை ஒரே வரிசையில் உட்காரவைத்ததே முதல் அவமானம். ஒருவன் பால்ராஜ், திருப்பூர் கராத்தே மாஸ்டர், பனியன் கம்பெனியில் பாதி நாள், கராத்தே பாதி நாள், கறுப்பு பெல்ட்டுக்கு மேல் ஒரு பிடி தொப்பை வழிகிறது, அந்த முடிச்சு எப்படி நிற்கிறது என்பதே ஒரு கலைதான். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாஸ்டர், டிபன் ஆச்சுங்களா?" என்றான். மனிதன் கேட்கிற கேள்வியா இது? பிறகு சல்மாவுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான். "எங்க கராத்தேல குத்துக்கு சூகின்னு பேருங்க மேடம். குத்து போய்ச் சேர்ற எடத்துல உடம்பு மொத்தமும் ஒரே பூட்டா பூட்டிக்கும் பாருங்க, அதுதான் கீமா." கீமா. கிமே என்று மூன்று தடவை சொன்னாலும் இவன் நாக்குக்கு வராது, அது போகிற இடம் கொத்துக்கறிதான். ஜப்பான்காரன் கேட்டால் பெல்ட்டைக் கழற்றித் தூக்கு மாட்டிக்கொள்வான். இன்னொருத்தி ஜெசிந்தா, காசிமேட்டுப் பெண், குத்துச்சண்டை, இருபத்து மூன்று வயது இருக்கும், ரயிலில் வந்த களைப்பில் காலை நீட்டி ஏதோ சாக்லேட் தின்றுகொண்டிருக்கிறாள். குத்துச்சண்டையில் மொத்தம் நாலு வார்த்தை. ஜாப், கிராஸ், ஹுக், அப்பர்கட். நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கலையா? என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. புத்தகமாகவே அச்சடித்திருக்கிறேன், தமிழ் விளக்கத்தோடு. ஃபா ஜின், உள்ளே சேர்த்த ஆற்றலை ஒரே கணத்தில் வெடிக்கவிடுதல். சுன் ஜின், அதையே ஓர் அங்குல தூரத்தில் செய்தல். திங் ஜின், எதிராளியின் ஆற்றலைத் தோலால் கேட்டல். அதன் அச்சுப்படியை என் மனைவி மரகதம்தான் பிழை திருத்தினாள், சமையல் மேடையில் வைத்து, சிவப்புப் பேனாவால். முழுக்கப் படித்துவிட்டு, "ஏனுங்க, இத்தனைக்கும் நம்மகிட்ட அடின்னு ஒத்த வார்த்தைதானுங்களே," என்றாள். சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள். எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு படித்தவளுக்கு ஃபா ஜின் எங்கே புரியப்போகிறது என்று நான் சிரித்தேன், பத்துப் பேரிடம் சொல்லியும் சிரித்தேன். இப்போது ஏன் அவள் ஞாபகம், குத்தப்போகிற நேரத்தில் மனசு காலியாக இருக்கவேண்டும், லிம் அதைத்தான் முதலில் சொல்லுவார்.

பால்ராஜ் போகிறான். நிறுத்திவைத்த தோல் திண்டுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு, எரிந்ததும் குத்தவேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. எரிந்தது. கத்தினான் பாருங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து யாரோ எட்டிப்பார்த்தார்கள். குத்து விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் தொப்பையின் ஆட்டம் நின்றது. சல்மா திரையைப் பார்த்து, "நொடிக்கு ஆறு புள்ளி ஒன்பது மீட்டர் சார், நல்லா இருக்கு," என்றாள். நல்லா இருக்காம். நோயாளிக்குச் சொல்கிற மாதிரி. பால்ராஜுக்கோ ஒரே சந்தோஷம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறான், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் யாரோ குண்டு எறிகிறார்கள். கராத்தேயில் ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் மரியாதை வைத்திருக்கிறேன், சுன்தோமே. குத்து முழு வேகத்தில் போய் இலக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுவது. அதுதான் கட்டுப்பாட்டின் உச்சம். அதை நான் மேடையில் மட்டுமா செய்தேன், வீட்டிலேயே செய்திருக்கிறேன். இருபத்தாறு வருடம். மரகதத்தை நான் ஒருநாளும் அடித்ததில்லை, கோபம் எனக்கு உண்டு, எந்த ஆணுக்கு இல்லை, கை போகும், ஆனால் கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடும். வேறு எவனுக்கு முடியும்? ஒரே ஒருதடவை தோடு தெறித்தது, அது கை போன காற்று பட்டுத் தெறித்திருக்கும். கடைசியாக, பதினான்கு மாதம் முன்னால், கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள், என்ன பேச்சு என்றுகூட நினைவில்லை, போஸ்டர் பற்றித்தான் ஏதோ சொன்னாள், கை போனது, நின்றது, தொடவில்லை. தொடவே இல்லை. மறுநாள் காலை ஓசூருக்குப் போய்விட்டாள், மகன் வீட்டுக்கு. மகன் இளம்பரிதியிடம் போனில் எவ்வளவு சொன்னேன், அடிக்கலடா, நிறுத்தினேன், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு, அதுக்கு ஜப்பான்ல ஒரு பேரே இருக்கு. அவன் "சரிப்பா, வெக்கறேன்," என்றான். கணிப்பொறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துபோன பயல், இவனுக்கு என்ன தெரியும் கட்டுப்பாட்டைப் பற்றி.

ஜெசிந்தா எழுந்தாள், சாக்லேட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள், விளக்கு எரிந்தது, டப் என்று ஒரு சத்தம், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். கூச்சல் இல்லை, நிலை இல்லை, வணக்கம் இல்லை, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி. "எட்டு புள்ளி ஒண்ணு," என்றாள் சல்மா. பால்ராஜ் கை தட்டினான். எட்டு புள்ளி ஒன்றா. இருபத்து மூன்று வயசுத் தோளுக்கு எட்டு வரும், அதில் என்ன கலை இருக்கிறது, நாய் ஓடினால்கூட வேகம்தான். எழுந்து போனேன். முழங்கால் சொடுக்கு விட்டது, கேட்டிருக்கும். கால்களை வைத்தேன், மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினேன், லிம், ஈரத் தரை, மீன் வாடை, மனசைக் காலியாக்கு, காலியாக்கு, கத்தரிக்காய் வதங்கும் வாடை எங்கிருந்து வருகிறது, பச்சை. குத்திவிட்டேன். திண்டு தாங்கியோடு ஆடியது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நின்றேன். சல்மா ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள். "சார், ஒன்பது புள்ளி மூணு!" ஒன்பது. ஒன்பது புள்ளி மூன்று. ஐம்பத்து நாலு வயசில். அது மீட்டர்தான், குத்து எண்ணிக்கை இல்லை, இருந்தாலும் ஒன்பது ஒன்பதுதான், அந்தப் போன்காரப் பயலை இப்போது கூப்பிட்டுக் காட்டவேண்டும். "யப்பா, இன்னா சார் இது," என்று ஜெசிந்தாவே எழுந்து வந்து எண்ணைப் பார்த்தாள். பால்ராஜ் என் முதுகில் தட்டினான், அந்தக் கை பட்ட இடத்தை எனக்குத் துடைத்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. மூன்று பேரையும் நின்றபடியே பார்த்தேன். பேனா, தொப்பை, சாக்லேட். இவர்களிடமா நான் பயந்தேன்? முடிந்தது, கிளம்பலாம் என்று பொட்டுகளைப் பிய்க்கப்போனபோதுதான் சல்மா, "சார், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, ஆள் எதிர்ல நிக்கறப்ப எப்படின்னு பாக்கணும்," என்றாள்.

ஆள் ஜெசிந்தாதான். அவள் தலையில் பஞ்சு வைத்த கவசம், என் கையில் உப்பலாக ஒரு பஞ்சு உறை, எப்போது வேண்டுமானாலும் நான் அவள் நெற்றிக்குக் குத்தலாம், அவள் தலையை மட்டும் நகர்த்தலாம், பத்துத் தடவை. பாவமாகத்தான் இருந்தது. ஒன்பது புள்ளி மூன்றை எந்தத் தலை தாண்டும்? மெதுவாகவே குத்துவோம் என்று நினைத்தேன், பெண்பிள்ளை, ஊருக்குப் போகவேண்டியவள். முதல் குத்து காற்றில் போனது. சரி, விளையாட்டுக்கு விட்டேன். இரண்டாவது முழு வேகத்தில். நெற்றி இருந்த இடத்தில் நெற்றி இல்லை. மூன்றாவதற்கு ஃபா ஜின், நான்காவதற்குக் கண்ணை வேறு பக்கம் காட்டிவிட்டு, ஐந்தாவதற்கு மூச்சையே நிறுத்திக்கொண்டு. அவள் அவசரப்படவே இல்லை. தெருவில் வண்டிக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினாள், கை வந்து போனதும் திரும்ப அங்கேயே வந்து நின்றாள். ஏழாவது அவள் காதோரம் உரசியது, அதுவும் பால்ராஜ் தும்மியதில் அவள் கவனம் சிதறியதால். பத்தாவது முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை. "பரவால்ல சார், நீங்க ரொம்ப ஸ்பீடு," என்றாள், ஆறுதலாக. ஆறுதல்! எனக்கு! "ஸ்பீடுன்னா எப்படிம்மா நகர்ந்தே?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக்கூடாது. அவள் கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "நீங்கதான் மின்னாடியே சொல்லிட்றீங்களே சார். எங்க கோச்சு இத்த தந்தி அடிக்கறதும்பாரு. கை கெளம்பறதுக்கு மின்னாடியே தந்தி வந்துடுது." தந்தி. முந்நூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை. அதற்கு வார்த்தை இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. "தந்தியெல்லாம் எப்பவோ மூடியாச்சு," என்று நகைச்சுவையாகச் சொல்லப் பார்த்தேன், பால்ராஜ் மட்டும் சிரித்தான். "கோச்சுகிட்ட கத்துக்கிட்டியா?" என்றேன். "இல்ல சார், கோச்சு பேருதான் வெச்சாரு. எனக்கு எங்க நைனாகிட்டயே வந்துடுச்சு. அது குடிச்சிட்டு வந்து அடிக்கறதுக்கு மின்னாடி அதும் மூஞ்சி மாறும். அம்மாக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எங்க வூட்டு நாய்க்குக்கூடத் தெரியும்." சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள், வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

மீனவக் குடிகாரன் ஒருவனோடு என்னைச் சேர்த்துவிட்டாள், என்ன திமிர், நான் குடிக்கிறவனா, நான் தொட்டதே இல்லையே, ஒரு விரற்கடை, சல்மா என்னைக் கூப்பிடுகிறாள், "சார், இங்க வந்து பாருங்க, ரொம்ப சுவாரசியமா இருக்கு." திரையில் நான். மெதுவாக, நூறு மடங்கு மெதுவாக. "ஒரு நொடிய நூறா பிரிச்சுக்கங்க சார். உங்க கை கெளம்பி இலக்குக்குப் போக அதுல பன்னிரண்டு பங்குதான் ஆகுது. அற்புதமான வேகம். ஆனா கை கெளம்பறதுக்கு முப்பது பங்கு முன்னாடியே தோள் ஏறுது. அதுக்கும் முன்னாடி மூக்கு விரியுது. எல்லாத்துக்கும் முதல்ல, இதோ, இந்த வாயோரம். இதுக்குத்தான் முகத்துல பொட்டு வெச்சேன்." முப்பது பங்கு. ஒதுங்க வேண்டியவர்களுக்குத் தாராளமான நேரம். கேமரா கோணம் சரியில்லை என்று சொல்லலாம், பஞ்சு உறை கனம் என்று சொல்லலாம், நேற்றுத் தூக்கமில்லை என்று சொல்லலாம், நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அந்தக் கத்தரிக்காய் வந்துவிட்டது. அன்றைக்கு மரகதம் அடுப்பை அணைத்தாள். எப்போது அணைத்தாள்? கை போனது, நின்றது, அவள் முகம் திரும்பியிருந்தது, அடுப்பு அணைந்திருந்தது, இப்படித்தான் இந்தப் பதினான்கு மாதமும் வரிசை வைத்திருந்தேன். இல்லை. குமிழைத் திருகினாள், கரண்டியைக் கீழே வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதற்கப்புறம்தான் கை வந்தது. சின்ன வயசில் இளம்பரிதி சாப்பிட்டுக்கொண்டிருப்பான், திடீரென்று, "போயி வாசல்ல வெளையாடு சாமி," என்பாள், அவன் தட்டோடு எழுந்து போவான், எனக்கு அப்போது கோபமே வந்திருக்காது, அல்லது வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன், இரண்டு நிமிடத்தில் வரும். அவளுக்கு முன்னாடியே தந்தி போயிருக்கிறது. தோடு தெறித்த அன்று காய்ச்சலில் இருந்தாள், படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள், அன்றைக்கு அவளால் நகர முடியவில்லை. ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடையை வைத்தது யார்? இருபத்தாறு வருடம் என் கை எங்கேயும் நிற்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு தடவையும் சரியாக அவ்வளவு நகர்ந்திருக்கிறாள். அதிகமாக நகர்ந்தால் நான் இன்னொருமுறை ஓங்குவேன் என்று அதையும் அளந்து வைத்திருப்பாளோ. எட்டாம் வகுப்பு.

"அந்த முகத்த மட்டும் மறுபடி போடும்மா," என்றேன். சல்மா கை வரும் இடத்தை மறைத்து, முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டாள். வலது வாயோரம் ஒரு நூலளவு மேலே ஏறுகிறது. கோபத்தில் முகம் சிவக்கும், கண் விரியும், அப்படித்தான் என் முகம் இருக்கும் என்று இருந்தேன். இது கோபமில்லை. இளக்காரம். எதிரே நிற்பது ஒரு பொருட்டே இல்லை என்கிற முகம். சாக்கடையைத் தாண்டும்போது வைத்துக்கொள்கிற முகம். சாப்பாடு போடும்போதும், பேனாவை மூடும்போதும், அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "இன்னொருதடவை போடட்டுமா சார்?" "வேண்டாம்." என் குரல் யாருடையதோபோல இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு தாளை நீட்டினாள், முகத்தை மறைத்துத்தான் போடுவோம் என்றாள். மறைக்கவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதற்கு அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தாளைப் பார்த்துவிட்டுக் கோப்பில் செருகிக்கொண்டாள். ஜெசிந்தா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னவோ சொல்லவேண்டும் என்று போனேன். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றேன். சம்பந்தமே இல்லாத கேள்வி. அவள் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டே, "இப்ப நல்லாகீது சார். தனியா வந்துட்டோம்," என்றாள்.

வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தம் ஒன்றரை கிலோமீட்டர், பால்ராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். "ஏறுங்க மாஸ்டர், சிங்காநல்லூர்ல எறக்கி உட்டர்றேன்." ஏறிக்கொண்டேன். ஈர முதுகு, மல்லிகை வாசத்தில் ஏதோ மலிவான சென்ட். மரகதத்துக்கு போன் செய்தால் என்ன சொல்வது? எடுப்பாளா? எடுத்தால், நான் நிறுத்தலை, நீதான் நகர்ந்தே என்று சொல்வதா, அதை அவளுக்குச் சொல்ல நான் யார், அவளுக்குத் தெரியாதா அது. முன்னால் பால்ராஜ் காற்றுக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டே வருகிறான். "ஒம்பது புள்ளி மூணு மாஸ்டர்! எங்க பசங்ககிட்ட சொல்லி மாளாது போங்க. அதுக்கு என்ன காரணம்னு நெனைக்கறீங்க? கீமாதான்! கடைசியில அந்தக் கீமா இருக்குது பாருங்க..." வலது வாயோரம் ஏறுவது எனக்குத் தெரிந்தது. தோலுக்கு அடியில் ஒரு சின்ன இழுப்பு, முதல்முறையாக உள்ளேயிருந்து தெரிந்தது. சட்டென்று கையை வைத்து வாயை மூடினேன். பால்ராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டான். "என்னாச்சுங்க மாஸ்டர், பல்லு வலியா?" "ஆமாங்க," என்றேன் கைக்கு உள்ளேயிருந்து. "ஒரு கிராம்ப எடுத்து அடக்கிக்கங்க, நின்னுரும்," என்றான். சிங்காநல்லூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.